திருமூர்த்தி பேசவிருந்த தண்ணீர்

நான் முப்பது வருடம் ஊர் ஊராகப் போய் மோட்டார் பம்பு விற்றவன். மூன்று குதிரைத் திறன் மோட்டாரைக் காட்டி, "இதைப் போட்டீங்கன்னா பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் வத்திப்போயிருமுங்க, அவிங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்பேன். மறுபேச்சில்லாமல் வாங்கிவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு பம்பு போய்விட்டது, வாய் மட்டும் மிச்சம். அதனால் இந்தச் சுந்தரராஜுலு சொல்வது எதுவாக இருந்தாலும் சூலூரில் இரண்டால் வகுத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம், எனக்கு வருத்தமே இல்லை. இது தெரிந்துதான் நான் முதலிலேயே இரண்டால் பெருக்கிவிடுகிறேன்.

எங்கள் பந்திப் பேச்சு உலகப் புகழ் பெற்றது. உலகம் என்றால் ஒரு பக்கம் இருகூர், இன்னொரு பக்கம் பள்ளபாளையம். திருச்சி ரோட்டை ஒட்டியுள்ள கல்யாண மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமை சாயங்காலங்களில், சாப்பாட்டு ஹாலை எங்களுக்குத் திறந்துவிடுகிறார் மண்டபக்காரர். பந்திக்கு உட்காருகிற மாதிரியே வரிசையாக உட்காருவோம். இலை கிடையாது, சாப்பாடு கிடையாது. ஊர்க்காரர் ஒருவர் எழுந்து தனக்கு உயிரான ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். செய்கிற தொழிலைப் பற்றிப் பேசக் கூடாது. பல் டாக்டர் மோகனப்பிரியா வீட்டுச் சிலந்திகளைப் பற்றிப் பேசினாள். அதைக் கேட்டுவிட்டு ஆறு மாதம் சூலூரில் ஒருவரும் ஒட்டடை அடிக்கவில்லை. பேக்கரி அமீர் ஹம்சா ரயில்வே சிக்னல்களைப் பற்றிப் பேசினார். பேசி முடித்ததும் யாராவது மூன்று பேர் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஒன்றும் தோன்றாவிட்டாலும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பேசியவர் மனசு சங்கடப்படும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதைக் கொண்டுவந்தவன் நான். கல்யாண மண்டபம் ஆயிற்றே, அன்றைக்குப் பேசுகிறவர்தான் பெண்வீட்டுக்காரர். வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் வாய் திறந்து "வாங்க" என்று கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் "வாங்க" சொல்லாத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஒரு "வாங்க" விட்டுப்போனதற்காக மூன்று தலைமுறையாகப் பேசிக்கொள்ளாத குடும்பங்களை எனக்குத் தெரியும். வகுத்துப் பார்த்தாலும் ஒன்றரைத் தலைமுறை வரும்.

திருமூர்த்தி இந்தக் கூட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. பதினாறு விசைத்தறிக்குச் சொந்தக்காரர், அதற்கு மேல் தென்னந்தோப்பு. வந்தால் கடைசி மேஜையில் கடைசி நாற்காலி. பேசுங்கள் என்றால், "எனக்கென்னங்க தெரியும்" என்பார்.

அவருக்கு என்ன தெரியும் என்பது ஊருக்கே தெரியும். தண்ணீர். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சொம்பு வாங்கி, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். கல்யாணப் பந்தியில் எல்லோரும் பாயசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் டம்ளரைக் கீழே வைத்து, "ஆத்துத் தண்ணில போர்த் தண்ணி கலந்துபோட்டாங்க" என்பார். போய் விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். ஒருமுறை ஒரு வாய் குடித்துவிட்டு அந்தத் தண்ணீர் வந்த குழாய் எந்த வருடம் பதித்தது என்று சொன்னார். இதை வேண்டுமானால் நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பெண் பார்க்கச் சென்னிமலைக்குப் போனபோதும் இதே கதைதான். அவர் மனைவி நஞ்சம்மாள் எல்லோரிடமும் சொல்லுவார்: "என்னைய நிமுந்தே பாக்கலீங்க. சொம்பத்தான் பாத்தாரு. குடிச்சுப்போட்டு, சரீங்க முடிச்சுக்கலாம்னாரு. எங்கப்பா பொண்ணு குடுத்தது கெணத்த வெச்சுத்தானுங்க."

போன ஆடி மாதம் ஒரு காலையில் திருமூர்த்தி என் வீட்டுக்கு வந்தார். மூன்று மாதமாகவே அவர் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. சளி என்று நினைத்திருந்தோம்.

"ராஜுலு, வர்ற சனிக்கெழமை நான் பேசறனுங்க."

"இன்னைக்கு மழைதான். ரெண்டு வருசமாக் கெஞ்சறேன், அப்பல்லாம் எறங்காத மனசு இப்பத்தான் எறங்குச்சுங்களா?"

"திங்கக்கெழமை ஆபரேசனுங்க. கொரவளைய முழுசா எடுத்துப்போடறாங்களாம்."

நான் காபி குடிங்க என்றேன்.

அவர் காபியைத் தொடவில்லை. "ஒரே ஒருக்கா, என்ற தொண்டையில முழுசாப் பேசிப்போடறனுங்க. நானும் பேசுனேன்னு இருக்குமில்லீங்க. அதுக்கு மேல வாய் இல்லீன்னாப் போவுது."

டாக்டர் சொன்னதையும் சொன்னார். இருக்கிற குரல் கொஞ்ச நேரம்தான் வருமாம். பேசப் பேசக் கட்டிக்கொள்ளும், வாயை மூடிக்கொண்டிருந்தால் மறுபடி சேரும். இறைத்தால் வற்றி, விட்டால் ஊறுகிற கிணறு. பம்பு விற்றவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த வாரம் முழுக்க நஞ்சம்மாள் வீட்டுக் காவலில் இறங்கினார். திருமூர்த்திக்கு ஒரு வார்த்தை பேச அனுமதி இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார், சாப்பாடு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார், என்னைப் போகச் சொல்ல வேண்டுமென்றால் தலையைத் தட்டிக்கொள்வார். பார்க்க வந்த சொந்தக்காரர்களையெல்லாம் நஞ்சம்மாள் கேட்டிலேயே நிறுத்தி, "தூங்கறாருங்க" என்று திருப்பி அனுப்பினார். பகல் பதினொரு மணிக்கும் தூக்கம், சாயங்காலம் ஐந்து மணிக்கும் தூக்கம். என்னை மட்டும் உள்ளே விட்டார்.

"நீங்க வரலாமுங்க. ஆனா ஒண்ணும் கேக்கப்படாது. கேட்டா அவருக்குப் பதில் சொல்லாம இருக்கத் தெரியாது."

சனிக்கிழமைக்குத் தேவையான தண்ணீரை என் காரில் போய்த்தான் கொண்டுவந்தோம். வடவள்ளியில் மோகனப்பிரியாவின் அக்கா வீட்டில் சிறுவாணித் தண்ணீர். சத்தியமங்கலத்தில் பவானித் தண்ணீர். சென்னிமலையில் அவர் மாமனார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அவர் தோப்பிலிருந்து போர்த் தண்ணீர், குடித்தால் நாக்கில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். வழி முழுக்க நானே பேசிக்கொண்டு போனேன். அவர் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, உதட்டை அசைத்து அசைத்து எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். சத்தம் மட்டும் வெளியே வரவிடவில்லை. பவானியில் முழங்கால் அளவு இறங்கி, குடத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

ஐந்தாவதாக ஒரு குடம் இருந்தது. அதை அவர் வீட்டிலேயே நிரப்பி, வாய்க்கு வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார். இது எங்கத்துத் தண்ணிங்க என்றேன். சனிக்கிழமை தெரியும் என்று கையைக் காட்டினார்.

அதற்குள் நான் ஒரு வேலை செய்திருந்தேன். எப்போதும் எங்கள் கூட்டத்துக்கு இருபது பேர் வருவார்கள். மூர்த்தி பேசும்போது நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று ஒரு இருபது பேரிடம் கூடுதலாகச் சொன்னேன். ஆனால் நான் சொல்கிற மாதிரி, இரண்டால் பெருக்கிச் சொன்னேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் குடங்களைச் சமையல்கட்டு வழியாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். முன்வாசலில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. மோகனப்பிரியா ஓடி வந்தாள்.

"அங்கிள், வெளிய போய்ப் பாருங்க. திருப்பூர்ல இருந்தெல்லாம் வந்து எறங்கறாங்க. அவரு ஒவ்வொருத்தருக்கா வாங்க சொல்லிட்டு நிக்கறாரு. அந்த ஆன்ட்டி சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு."

போனேன். மண்டப வாசலில் இருந்து ரோடு வரைக்கும் ஆட்கள். தறிக்காரர்கள், நூல் கடைக்காரர்கள், மாமன் மச்சான் வகையறா, நஞ்சம்மாள் ஒரு வாரமாகத் திருப்பி அனுப்பிய அத்தனை பேரும். எங்கள் ஆட்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது என்று யார் சொன்னது, அன்று அவ்வளவு ஒழுங்காக நின்றார்கள். திருமூர்த்தி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வாசற்படியில் நின்றார். ஒவ்வொருவரையும் முகம் பார்த்து "வாங்க" என்றார். அவர்கள் பதிலுக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல ஆட்கள், தெரிந்த மரியாதையைச் செய்தார்கள்.

"ஏனுங்க, நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கறனுங்க."

"சாப்புட்டீங்களா?"

"ஆச்சுங்க. உள்ள வாங்க."

"தைரியமா இருங்க, நாங்கெல்லாம் இருக்கறம்."

"சரீங்க. வாங்க, வாங்க."

நஞ்சம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கும்புடு மட்டும் போடுங்க, போதும். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

அவர் திரும்பி, "கூப்புட்டு வெச்சுப்போட்டு வாயத் தொறக்காம நிக்கச் சொல்றியா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் செலவழித்த குரலை நான் காதால் கேட்டேன். பாதியில் கிழிந்தது.

நான் போய் அவர் தோளைத் தொட்டு, உள்ளே போங்க, மிச்சப் பேருக்கு நான் சொல்லிக்கறேன் என்றேன். என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் எடுத்துவிட்டிருப்பேன். வாசலில் நிற்பது அவர். அவர் கூப்பிடாமல் நான் கூப்பிட்டால் வந்தவர்கள் யார் வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு?

வரிசை நகர நகர "வாங்க" தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் வந்தது மாரியாத்தாள். அவர் பட்டறையில் நூல் சுற்றுகிறவள். ஓரமாக உள்ளே நுழைந்துவிடப் பார்த்தாள். அவளையும் நிறுத்தி, கை கூப்பி, "வாங்க" என்றார். பாதி எழுத்து காற்றாகப் போயிற்று.

"வந்தனுங்க சாமி" என்றாள் அவள்.

திருமூர்த்தியின் குரலை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அப்போது எங்களுக்கு அது தெரியாதே. கிணறுதானே, கொஞ்சம் விட்டால் ஊறும் என்று நினைத்தேன். நஞ்சம்மாள் அவரை உட்காரவைத்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொடுத்தார். நான் மைக்கைப் பிடித்தேன். அறிமுகம் என்று இரண்டு வார்த்தை சொல்வது வழக்கம். அன்று நான் என் வாழ்க்கையிலேயே பெரிய பொய்களைச் சொன்னேன். திருமூர்த்தி மழையில் நாக்கை நீட்டி அது எந்த மலையில் உருவான மேகம் என்று சொன்னதைச் சொன்னேன். அவர் நடந்துபோன தோட்டத்தில் போர் போட்டு எழுந்த தண்ணீரில் எங்கள் ஊர் விமானப்படைத் தளத்துக்காரர்கள் ஒரு விமானத்தையே கழுவிக்கொண்டதைச் சொன்னேன். ஹால் சிரித்தது. ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். அவரும் சிரித்தார், ஆனால் சத்தமில்லாமல். இன்னும் ஊறவில்லை. இன்னொரு பொய் சொன்னேன். அதற்கு மேல் இன்னொன்று. மோகனப்பிரியா தன் போனில் ஆரம்பத்திலிருந்தே பதிவு செய்துகொண்டிருந்தாள்.

கடைசியில் அவரே எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

வாய் திறந்தார். மூச்சுக் காற்று மைக்கில் உரசியது. தொண்டையைச் செருமினார், அதிலும் சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது.

வேறு ஊராக இருந்தால் யாராவது எழுந்து, "போதும், உட்காருங்க" என்றிருப்பார்கள். எங்கள் ஊரில் பேசுகிறவரை உட்காரச் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. அவ்வளவு பேரும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தலையைக்கூட ஆட்டினார்கள்.

மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, முதல் குடத்தைச் சரித்தார். மேஜை மேஜையாக டம்ளர் போயிற்று. எல்லோரும் குடித்தார்கள். இரண்டாவது குடம். மூன்றாவதாகச் சென்னிமலைக் குடம் வந்தபோது நஞ்சம்மாளின் முன்னால் ஒரு டம்ளரைத் தானே கொண்டுபோய் வைத்தார். அந்த அம்மாள் குடிக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காவதாகத் தோப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லோரும் முகம் சுளித்தபோது அவர் முகம் மலர்ந்தது. அந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தார் போல.

ஐந்தாவது குடத்தின் துண்டை அவிழ்த்தார். ஊற்றினார். எல்லோரும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, கையை நீட்டி, எதையோ சொல்லத் தொடங்கினார். உதடு அசைந்தது. காரில் அசைந்த அதே அசைவு. நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

நீங்க சொல்லுங்க என்று அர்த்தம். எனக்கும் புரிந்தது. மைக் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அந்தத் தண்ணீரைப் பற்றி நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இமயமலை என்றாலும் அன்று நம்பியிருப்பார்கள். முப்பது வருடம் தண்ணீரை வைத்துப் பொய் சொல்லிப் பிழைத்தவனுக்கு அன்று ஒரு பொய் வரவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைதட்டினார்கள். நீண்ட நேரம் தட்டினார்கள், நிறுத்தினால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால்.

கேள்வி நேரம். அமீர் ஹம்சாதான் எழுந்தார். "ஏனுங்க, இந்தக் கடைசித் தண்ணியில டீ போட்டா எப்பிடி இருக்குமுங்க?" திருமூர்த்தி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். அமீர் ஹம்சா, "அப்பிடிங்களா" என்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மீதி இரண்டு கேள்விகளையும் யாரோ கேட்டார்கள். எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. நன்றாக முடிந்தது என்றார்கள். மோகனப்பிரியா பதிவை எனக்கு அனுப்பினாள். அதில் என் குரல் கணீரென்று கேட்கிறது, பொய்க்கு மேல் பொய். அதன் பிறகு டம்ளர் சத்தம், இருமல் சத்தம், கைதட்டல். வாசலில் அவர் சொன்ன அத்தனை "வாங்க"வில் ஒன்றுகூட அதில் விழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கிடைத்தது. சமையல்கட்டு வழியாக வந்த எனக்கு அதுவும் இல்லை.

புரட்டாசியில் அவர் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். முன்கூடத்தில் அவருடைய சாய்வு நாற்காலி காலியாக இருந்தது.

"பின்கட்டுல இருக்கறாருங்க" என்றார் நஞ்சம்மாள். "முன்னாடி ஒக்காரவே மாட்டீங்கறாரு. யாராச்சும் வந்தா வாங்கன்னு சொல்ல முடியிலீன்னு. கேட்டுச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உள்ள போயர்றாரு. ஊடே செறையாப் போச்சுங்க."

அந்த ஐந்தாவது குடத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதுங்களா? எங்க ஊட்டுக் கொழாய்த் தண்ணிதானுங்க. நெதமும் குடிக்கறது. அத வெச்சு என்ன சொல்லலாம்னு இருந்தாரோ. என்றகிட்டயும் சொல்லல."

"எழுதிக் காட்டச் சொல்றதுதானுங்க."

"கேட்டனுங்க. போன்ல எழுதிக் காட்டுனாரு. பேசறதுக்கு வெச்சிருந்தது, எழுதறதுக்கு இல்லேன்னு."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் அவர் வீட்டு கேட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். யார் வந்தாலும், "வாங்க, வாங்க" என்று உரக்க இரண்டு தடவை சொல்கிறேன். கறிவேப்பிலை விற்கிறவனுக்கும் இரண்டு, கரண்ட் கணக்கு எடுக்க வருகிற பெண்ணுக்கும் இரண்டு. மாரியாத்தாள்தான் ஒரு நாள் கேட்டாள்.

"ஏனுங்க சாமி, ஒருக்காச் சொன்னாப் பத்தாதுங்களா?"

"ஒண்ணு என்னுது. இன்னொண்ணு மூர்த்தியுது. ரெண்டையும் வாங்கிட்டு உள்ள போ."

முதல் வாரம் அவர் வெளியே வரவில்லை. பிறகு ஜன்னல் வரைக்கும் வந்தார். அதற்கடுத்த வாரம் முன்கூடத்தில் நாற்காலி ஆடும் சத்தம் கேட்டது. இப்போது ஆட்கள் வந்தால் எழுந்து நிற்கிறார், கை கூப்புகிறார், சத்தத்தை நான் போடுகிறேன்.

நேற்று யாரும் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து என் முன்னால் நின்றார். கழுத்தில் வெள்ளைத் துணி. சமையல்கட்டுக் குழாயில் பிடித்த, அதே ஐந்தாவது குடத்துத் தண்ணீர். குழாய் திறந்த சத்தத்தைக் கேட்டேன். நீட்டினார். குடித்தேன்.

குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்லாருக்குதுங்க" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினார்.

"குளுகுளுன்னு இருக்குதுங்க."

அதற்கும் தலையாட்டினார். என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மறுபடியும் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.